சபீனா வீட்டுக் கதவு

டெரிமோர் கிராமத்தில் சபீனா மேனியன் வெண்ணெய் கடையத் தொடங்கினால், வெண்ணெய் திரளும்வரை அவள் வீட்டுக் கதவு உள்ளிருந்து திறக்காது. உள்ளே வரலாம், வெளியே போகத்தான் முடியாது. அவளுடைய கடைசி அண்ணன் பாஸ்டனுக்குக் கப்பலேறிய வசந்தத்தில் இது ஆரம்பித்தது. ஊரில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. வெண்ணெய் கடையும் வீட்டுக்குள் நுழைந்தவர் மத்தைத் தொடாமல் போனால் வெண்ணெயின் அதிர்ஷ்டமும் கூடவே போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை என்பதால், எப்படியும் உடனே யாரும் கிளம்புவதில்லை. மரத்தாழியில் மத்தை மேலும் கீழுமாக ஆளுக்கு நாலு குத்து குத்துவார்கள், வெண்ணெய் திரளும், கதவு திறக்கும், கலைந்துபோவார்கள்.

அவர்கள் போனபின் இருக்கும் அமைதியைத்தான் சபீனாவால் தாங்க முடியவில்லை. குளிர்ந்த பாலேடு லேசில் திரளாது என்பது அவளுக்குத் தெரியும். யாரும் பார்க்காதபோது தாழியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினாள். சந்தைக்குப் போக வேண்டியவர்கள் பொழுது சாயும்வரை அவளுடைய உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் பக்கத்து வீட்டு டெலியா கையும் களவுமாகப் பிடித்தாள்.

"அடிப்பாவி! அங்க என் கன்னுக்குட்டி பட்டினி கெடக்கு, நீ இங்க தண்ணிய ஊத்திக்கிட்டு நிக்கிறியா?"

அதோடு ஊர் அவள் வாசலை மிதிப்பதை நிறுத்தியது. தனியாகக் கடைந்தபோது வெண்ணெய் சொல்லிவைத்தாற்போல் சட்டென்று திரண்டது. கதவும் தானாகத் திறந்துகொண்டது. வெளியே மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. இப்படியே தலை நரைத்தது.

ஒரு நவம்பர் மாதம் சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து மனைவியை இழந்த ஃபெஸ்டி காணாமல்போன ஆட்டைத் தேடி வந்தார். அந்தக் கதவின் கதை அவருக்கும் தெரியும்; மத்துச் சத்தம் கேட்டும் உள்ளே நுழைந்தார்.

"கடவுள் இந்த வேலைய ஆசீர்வதிக்கட்டும்" என்றார்.

சபீனாவுக்கு முகமெல்லாம் வெட்கம். அவசரமாகக் கெண்டியிலிருந்து வெந்நீரை எடுத்தாள்.

"பயப்படாதீங்க. இத ஊத்தினா இப்ப திரண்டுரும், நீங்க போயிடலாம்."

"யாரு பயந்தா? அத அங்கிட்டு வையி" என்று மத்தை வாங்கிக்கொண்டார் ஃபெஸ்டி. கொஞ்சநேரம் குத்தினார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். "கிணத்துத் தண்ணி எங்கம்மா வச்சிருக்க?"

அவள் காட்டினாள். அவர் ஒரு வாளி முழுவதையும் தாழிக்குள் கவிழ்த்தார். சபீனா விம்மி விம்மி அழுதாள்.

அடுத்த மாதமும் வெண்ணெய் திரண்டிருக்கவில்லை; பாதிரியார் ஜன்னலுக்கு வெளியே குடைபிடித்து நின்று மணமுடித்துவைத்தார். ஆடு தானாகவே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. சபீனாவின் மாட்டை டெலியா கறந்துகொள்கிறாள். தேயிலை, மாவு, புகையிலை எல்லாம் ஜன்னல் வழியாக உள்ளே போகின்றன. வெண்ணெயையும் ஊரார் கடையில்தான் வாங்கிக் கொடுக்கிறார்கள்.