தனியாக வந்தவளுக்கு அறை இல்லை

அலெக்ஸாண்ட்ரியாவில் எங்கே தங்கலாம், என்னென்ன பார்க்கலாம் என்று ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. கடல் தெரிகிற அறை வேண்டுமென்றால் ரம்ல் நிலையத்துக்குப் பக்கத்தில் தங்குங்கள். காலையிலேயே காயித்பே கோட்டைக்குப் போய்விடுங்கள். வெயில் ஏறியதும் பாதாளக் கல்லறைக்குள் இறங்கிவிடுங்கள், உள்ளே குளுகுளுவென்று இருக்கும். சாயங்காலம் நூலகம், அப்புறம் அன்ஃபூஷியில் மீன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மூன்று மொழியில் சொல்வேன்.

ஆனால் அந்த ஊரை நான் சரியாகப் பார்த்ததே கிடையாது. கைடு பார்க்கமுடியாது. கூட்டத்தின் முகத்தைப் பார்த்துத்தான் அவள் பேசவேண்டும். யாருக்குத் தலை சுற்றுகிறது, யார் கூட்டத்தை விட்டு நழுவுகிறார்கள், எவருடைய பையை எவன் நோட்டம் விடுகிறான் என்று கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும். கோட்டையும் கடலும் அவள் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும்.

என் பெயர் நாஹித். ஊர் நாட்டின் தெற்கே இருக்கும் லுக்ஸர். வயது முப்பத்தேழு. கல்யாணம் ஆகி, அது சரிப்படாமல் முறிந்து, இப்போது அம்மாவோடு இருக்கிறேன். ஹாஜி பரகாத் என்பவரின் சுற்றுலா நிறுவனத்தில் வேலை. கோடை வந்து லுக்ஸரில் கல்லும் மண்ணும் பற்றி எரியத் தொடங்கினால் வெளிநாட்டுக்காரர்கள் வரத்து நின்றுவிடும். போன வருடம் அப்படி நின்றதும், எனக்கு ஒரு ஆசை வந்தது. நான்கு நாள் அலெக்ஸாண்ட்ரியா போகவேண்டும். யாருக்கும் எதுவும் விளக்காமல், வாயை மூடிக்கொண்டு கடலைப் பார்த்து உட்காரவேண்டும். அவ்வளவுதான்.

நான் வழக்கமாக ஆட்களைத் தங்கவைக்கும் ஹோட்டலிலேயே ஃபோனில் அறை சொல்லிவைத்தேன். அந்த ஹோட்டலின் பெயரைச் சொல்ல நாக்கு துடிக்கிறது. வக்கீல் சொல்லக்கூடாது என்கிறார். போகட்டும்.

முற்பகலில் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். மேனேஜர் ரிஃபாத் என்னைப் பார்த்ததும் கைகளை விரித்துக்கொண்டு வந்தார்.

"உஸ்தாஸா நாஹித்! வாங்க வாங்க! நீங்க வந்ததும் ஊரே வெளிச்சமாயிடுச்சு. குரூப் எங்க, பஸ்ஸுலயா?"

"குரூப் இல்ல, உஸ்தாஸ் ரிஃபாத். நான் மட்டும்தான். லீவுல வந்திருக்கேன். கடல் பக்கம் ரூம் சொல்லியிருந்தேனே."

அவர் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடின.

"கூட யாரு வர்றாங்க?"

"யாரும் வரல."

"அம்மா?"

"அம்மாவுக்கு முட்டி வலி."

"தம்பி ஒருத்தர் இருக்காருல்ல?"

"அவனுக்குப் பொண்டாட்டி இருக்கா. அவளோட இருக்கான்."

ரிஃபாத் குரலைத் தாழ்த்தினார். "உஸ்தாஸா, உங்களுக்குத் தெரியாததா? நம்ம நாட்டுப் பொண்ணு, நாப்பது வயசுக்குக் கீழ, தனியா வந்தா நாங்க ரூம் குடுக்கறதில்ல. இது ஹோட்டல் வழக்கம்."

"மார்ச் மாசம் இதே ஹோட்டல்ல நாலாவது மாடில படுத்துத் தூங்கினேனே, அப்ப நான் எந்த நாட்டுப் பொண்ணு?"

"அப்ப நீங்க குரூப்போட வந்தீங்க."

"அந்த ஜெர்மன்காரங்க எல்லாம் சேர்ந்து என் மானத்துக்குக் காவல் காத்தாங்களா? ராத்திரி முழுக்க என் கதவுக்கு வெளியில நின்னாங்களா?"

கவுண்டரில் உட்கார்ந்திருந்த ஹெபா என்ற பெண் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டாள். ரிஃபாத் அவளை ஒரு முறை முறைத்தார்.

"எந்தச் சட்டத்துல இருக்கு, காட்டுங்க" என்றேன்.

"சட்டமெல்லாம் இல்லீங்க. எல்லா இடத்துலயும் நடக்கறதுதான். நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா எங்க பேருதான கெடும்?"

"என்ன ஆகும்னு நினைக்கறீங்க? வாயத் திறந்து சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்."

அவர் என் பெட்டியைப் பார்த்தார், என் விரல்களில் மோதிரம் இருக்கிறதா என்று பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எல்லாம் இருந்தது. எனக்குக் காதுமடல் சுட்டது.

"கோவப்படாதீங்க. உங்களுக்காக ஒரு வழி பண்றேன்" என்று சொல்லிவிட்டு அவர் ஃபோனை எடுத்தார். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் ஹாஜி பரகாத்திடம் பேசி, என் தம்பி கரமின் எண்ணை வாங்கி, அவனையும் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"ஆமா, எங்க அக்காதான்" என்றது கரமின் குரல். பெரிய மனுஷத் தோரணை. "நான் அனுமதி குடுக்கறேன். ரூம் குடுங்க. கொஞ்சம் பாத்துக்குங்க அவள."

"கரம்! உங்கிட்ட நான் அனுமதி கேட்டனா?"

"அக்கா, ஏன் கத்தற? ஒரு வார்த்தை சொன்னேன், காரியம் முடிஞ்சுது. இதுல என்ன வந்துது?"

"உனக்கு மூக்கு தொடச்சு விட்டவ நான். ஃபோன வை!"

வைத்துவிட்டான். ரிஃபாத் ஒரு சாவியை எடுத்துக் கவுண்டரின் மேல் வைத்தார். "பாத்தீங்களா, எவ்வளவு சுலபம்!"

"இந்தச் சாவி கரமுக்குக் குடுத்த சாவி. எனக்கு வேணாம். என் அடையாள அட்டை இதோ இருக்கு. இதைப் பாத்து எனக்கு ஒரு சாவி குடுங்க."

"அதே ரூம்தான் உஸ்தாஸா!"

"அதே ரூம் இல்ல. உங்க வீட்டுக்காரம்மா வெளிய போகணும்னா நீங்க என் தம்பிகிட்டதான் கேப்பீங்களா?"

அவர் முகம் மாறியது. சாவியை எடுத்து மறுபடி ஆணியில் மாட்டினார். ஹெபாவைப் பார்த்து, நான் கேட்கவேண்டும் என்றே சொன்னார்: "தென்னாட்டுத் தலைன்னா சும்மாவா? அஸ்வான் கருங்கல்லு. உளி வச்சாதான் திறக்கும்." அப்புறம் என் பக்கம் திரும்பி, "மன்னிக்கணும். ரூம் எல்லாம் ஃபுல்."

அந்தச் சமயத்தில்தான் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். ஐரோப்பியப் பெண், இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. வெயிலில் சிவந்த மூக்கு, முதுகில் மூட்டை. முன்கூட்டிச் சொல்லவில்லை, அறை இருக்குமா என்று கேட்டாள். கூட யார், அப்பா யார், அண்ணன் தம்பி உண்டா, ஒரு கேள்வி இல்லை. ரிஃபாத் ஆணியிலிருந்து அதே சாவியை எடுத்தார்.

"வெல்கம், வெல்கம்! கடல் பக்கம், மிஸ். ரொம்ப நல்ல ரூம்."

அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவள் பாவம், களைத்துப்போய் வந்தவள். ஆனால் எனக்குள் ஏதோ அறுந்தது. ஹாலில் ஒரு டச்சுக் கூட்டம் பஸ்ஸுக்காகக் காத்திருந்தது. எல்லோரும் வயதானவர்கள். நான் ஒரு நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று கையை உயர்த்தினேன். மைக் இல்லாமல் கர்னாக் கோயில் தூண்களுக்கு நடுவே பேசிப் பழகிய குரல் இது. ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்.

"சீமான்களே, சீமாட்டிகளே, கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள். உங்கள் வலதுபுறம் இருப்பது பளிங்குத் தூண். பார்த்தால் பளிங்கு, தட்டினால் அட்டை. உங்கள் இடதுபுறம் இந்த ஊரின் மிக அரிய காட்சி, மேனேஜர் ரிஃபாத். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உலகத்தின் எந்த மூலையிலிருந்து எந்தப் பெண் வந்தாலும் இவர் கதவைத் திறப்பார். இந்த நாட்டில் பிறந்த பெண் வந்தால் மட்டும் அவள் தம்பியைக் கேட்பார். உங்களைப் போன்ற நூற்றுக்கணக்கானவர்களை இங்கே கூட்டிவந்தவள் நான். உங்களுக்கு இங்கே கட்டில் உண்டு, எனக்கு இல்லை. படம் எடுக்கலாம், தடை ஏதும் இல்லை."

டச்சு தெரியாததால் ஜெர்மனிலும் ஒருமுறை சொன்னேன். குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் ஒருவேளை அவர்களுக்குப் புரிந்திருக்கும். என்ன செய்தார்கள் தெரியுமா? சிரித்தார்கள். ஹோட்டல் ஏற்பாடு செய்த வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார்கள். கை தட்டினார்கள். தொப்பி போட்ட ஒரு கிழவர் எழுந்து வந்து, மடித்த நோட்டு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தி, "வெகு பிரமாதம்" என்றார்.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு அவமானம் நான் பட்டதில்லை. ரிஃபாத் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். இவர் அன்பாகக் கொடுக்கிறார். நோட்டை அவர் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகினேன். "இது வேடிக்கை இல்லை ஐயா, உண்மை" என்றேன். அவர் சிரிப்பு மெல்ல இறங்கியது. சிவந்த மூக்குப் பெண் மட்டும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் ரிஃபாத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு சாவியைக் கவுண்டரில் வைத்துவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"அவள வெளிய அனுப்புங்க!" என்று ரிஃபாத் கத்தினார். வாசல்காரர் என் பெட்டியைத் தொட வந்தார். நானே தூக்கிக்கொண்டேன்.

கடற்கரைச் சுவரில் உட்கார்ந்தேன். எதிரே கடல். வருடக்கணக்காகப் பார்க்க ஏங்கிய கடல். ஒன்றும் தெரியவில்லை. அலை வந்து பாறையில் அடிக்கிறது, எனக்கோ ரிஃபாத்தின் பல்வரிசைதான் தெரிகிறது. பக்கத்தில் கண்ணாடித் தம்ளரில் டீ விற்ற ஆள், "கணவருக்காகக் காத்திருக்கீங்களா மேடம்?" என்று கேட்டான். நான் பார்த்த பார்வையில் டீயைக்கூட நீட்டாமல் நகர்ந்துவிட்டான்.

ஹாஜி பரகாத் ஃபோன் செய்தார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க? ரிஃபாத் குதிக்கறான். அவன் ஹோட்டல் இல்லாம சீசன் எப்படி ஓட்டறது? போய் ரெண்டு நல்ல வார்த்தை பேசிட்டு வா."

"ஹாஜி, அந்த ஆளு என்னை எப்படிப் பாத்தான்னு தெரியுமா? உங்க பொண்ணு நவால அப்படிப் பாத்திருந்தா?"

"நவால் ஏன் தனியா ஹோட்டலுக்குப் போறா?"

இதற்கு மேல் அவரிடம் பேச என்ன இருக்கிறது? "எனக்குப் பதில் வேற கைடு பாத்துக்குங்க" என்று சொல்லி வைத்தேன். சொன்ன பிறகுதான் அடுத்த மாதச் சம்பளம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் கோபம்தான் பெரிதாக இருந்தது.

மத்தியானம் வேலை முடிந்து ஹெபா என்னைத் தேடி வந்தாள். கையில் பச்சை மிளகாய் வைத்த ஈரல் சாண்ட்விச் இரண்டு.

"சாப்பிடுங்க உஸ்தாஸா. எங்க பெரியம்மா இதே ஊர்ல, பஹ்ரீ பக்கம் இருக்காங்க. ஒரு ரூம் சும்மா கிடக்கு. வாங்க."

"உனக்கு வேலை போயிடும்டி."

"போனாப் போகுது. தனியா வர்ற பொண்ணுங்ககிட்ட தினம் நாந்தான் 'ரூம் இல்ல'ன்னு சொல்றேன். இன்னைக்கு அந்தாளு வாயால சொன்னான், நாளைக்கு நான் சொல்லணும். கசக்குது."

பெரியம்மா வீட்டில் தங்கினேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் துணிக்கொடி. கோட்டைக்குப் போனேன், கல்லறைக்குப் போனேன், அன்ஃபூஷியில் மீன் தின்றேன். எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். நன்றாக இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். விடுமுறையை அந்த ஆள் தின்றுவிட்டான்.

ஊருக்குத் திரும்பியதும் புகார் எழுதிக் கொடுத்தேன், வக்கீல் பிடித்தேன். வழக்கு நத்தை மாதிரி நகர்கிறது. ரிஃபாத் இன்னும் அதே கவுண்டரில் அதே சிரிப்போடு நிற்கிறார். கரம் இன்றுவரை, "நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்கிறான். அவனுக்கு விளக்கி விளக்கி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அம்மா மட்டும் ஒருநாள் பீன்ஸ் உரித்துக்கொண்டே, "நானும் கடல் பாத்ததில்லடி. உங்கப்பா விடல" என்றாள்.

இப்போது சொந்தமாகவே ஆட்களை அழைத்துப் போகிறேன். எந்த ஹோட்டலுக்கு ஃபோன் செய்தாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: நம்ம ஊர்ப் பெண் தனியாக வந்தால் அறை தருவீர்களா? தயங்கினால் ஃபோனை வைத்துவிடுவேன். பாதிக்கு மேல் தயங்குகிறார்கள்.

போன வாரம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மன்ஸூராவைச் சேர்ந்த பெண், பல் மருத்துவராம். பெயர் ரபாப். அதே ஹோட்டல் வாசலில் பெட்டியோடு நிற்கிறாள். இன்னும் அங்கேயே வேலை செய்யும் ஹெபா ரகசியமாக என் எண்ணைக் கொடுத்திருக்கிறாள். அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள்.

"எங்க அண்ணன் நம்பர் கேக்கறாங்க மேடம். குடுத்துடட்டுமா? எனக்குக் களைப்பா இருக்கு."

"குடுக்காத. அழாதம்மா, அழறத அந்த ஆளு பாக்கக்கூடாது. திரும்பி நேரா நட. டிராம் நிறுத்தம் தாண்டி ரெண்டாவது சந்துல ஒரு சின்ன விடுதி இருக்கு. மூணாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யாது. மாகி அம்மான்னு கேளு. ஒரு கேள்வி கேக்கமாட்டாங்க."

"அங்கிருந்து கடல் தெரியுமா?"

"ஓரமா தெரியும். கழுத்தை நீட்டிப் பாக்கணும்."

"நாளைக்கு எங்க போகலாம் மேடம்?"

"முதல்ல ஒரு வக்கீல் நம்பர் தர்றேன், எழுதிக்க" என்றேன். "கோட்டை எங்கயும் ஓடிடாது."