தங்ஷின் என்று கூப்பிட்டவர்

எங்கள் தோங்யொங் மீன் சந்தையில் சண்டை மூள ஒரு கொரியச் சொல் போதும்: தங்ஷின். 'நீங்கள்' என்று அகராதி சொல்லும். அகராதி எழுதியவர் சந்தைப் பக்கம் வந்ததில்லை போலும். சீனத்திலிருந்து வந்த இரண்டு எழுத்து அது. ஒன்று 'உரிய', மற்றது 'உடம்பு'. புருஷனும் பெண்டாட்டியும் மெல்ல இழுத்துச் சொன்னால் கொஞ்சல். வெளியாள் 'தங்'கை அழுத்திச் சொன்னால் சட்டையைப் பிடித்த மாதிரி.

நெத்திலிக் கருவாடு விற்கும் ஒக்பூனும் ஐஸ் வண்டிக்காரர் தல்சுவும் தினமும் அழுத்தித்தான் சொல்லிக்கொள்வார்கள். அவர் வண்டித் தண்ணீர் ஒழுகி அவள் கருவாட்டை நனைக்கும். பக்கத்தில் கடல்பாசி விற்கும் எனக்கு ரேடியோ தேவைப்பட்டதில்லை.

ஒக்பூனை வீட்டில் மெல்லக் கூப்பிட்டவர் கடலோடு போய் வருஷங்கள் ஆயிற்று. தல்சுவுக்குக் கல்யாணமே வாய்க்கவில்லை. ஒரு நாள் என்னிடம் வந்து தலையைச் சொறிந்தார்.

"அக்கா, அவங்களக் கட்டிக்க ஆசை. எப்படிக் கேக்கறது?"

"மெல்லக் கூப்பிடுப்பா. அவளுக்கே புரியும்."

மறுநாள் சவரம் செய்துகொண்டு வந்து அவள் கடை முன் நின்றார். காலமெல்லாம் ஐஸ் கூவி விற்ற தொண்டை. வாயைத் திறந்ததும் 'தங்ஷின்' இடியாக விழுந்தது. நண்டுக்காரிகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒக்பூன் இடுப்பில் கை வைத்தாள். "யாருய்யா தங்ஷின்? உங்க வீட்ல நான் சோறு பொங்கிப் போட்டேனா?"

இங்கே எந்தச் சண்டையிலும் இரண்டாவது பேச்சு இதுதான். அடுத்தது வசவு. தல்சு திட்டவில்லை.

"இல்லீங்க," என்றார். "நான் பொங்கிப் போடலாமான்னு கேக்க வந்தேன்."

ஒக்பூன் கருவாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு கடல்பாசிக் கட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். யோசனை சொன்னவள் நான்தானே.

"வண்டிய எடுங்க," என்றாள் கடைசியில். "கருவாடு நனையுது."

தல்சு தலையாட்டிவிட்டுத் திரும்பினார். சாவியை எல்லாப் பையிலும் தேடினார். பாவமாக இருந்தது. அவர் வண்டியில் ஒரு காலை வைத்தபோது அவள் மறுபடி பேசினாள்.

"பாத்து எடுங்க, தங்ஷின்."

'தங்'கை அழுத்தவே இல்லை. பக்கத்திலிருந்த எனக்கே பாதிதான் கேட்டது. தல்சுவுக்கு முழுசும் கேட்டிருக்க வேண்டும். அன்று பொழுது சாயும்வரை வண்டி அங்கேயேதான் நின்றது. அவள்தான் கருவாட்டைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.