ஷமீரா அடித்த அலமாரி

ஓசூரிலிருந்து மகள் சபிஹா போன் செய்தபோது ஷமீரா கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உம்மா, கட்டில விட்டு எறங்கவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஊருக்கு வர முடியாது. பிரசவம் இங்கதானாம்" என்று சொல்லிவிட்டு சபிஹா அழுதாள். தலைப்பிரசவம். அதிராம்பட்டினத்தில், தாய் வீட்டில் நடக்க வேண்டியது.

"அழாத. நாங்க அங்க வர்றோம்" என்றாள் ஷமீரா. சொல்லி முடித்த பிறகுதான் அந்த 'நாங்க' எவ்வளவு பெரிய சொல் என்று அவளுக்கு உறைத்தது.

அவள் கணவர் நௌஷாத் அரபு நாட்டில், தம்மாமில் டிரெய்லர் லாரி ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய் ஊர் திரும்பியிருந்தார். வயிற்றில் ஒரு மெல்லிய குழாய். அதன் வழியாக ஒரு நாளைக்கு நாலு தடவை பையிலிருந்து மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, பழையதை வெளியே எடுக்க வேண்டும். வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் கதவடைத்த, தூசியில்லாத இடம் வேண்டும். கிருமி புகுந்தால் உயிருக்கே ஆபத்து. ரயிலிலும் பஸ்ஸிலும் அது நடக்கிற காரியமா? சபிஹாவின் வீடோ மாமியார், மாமனார், கொழுந்தன் என்று ஆட்கள் நிறைந்த சின்ன வீடு.

"நீ மட்டும் போயிட்டு வா. எனக்கென்ன, நானே பாத்துக்குவேன்" என்றார் நௌஷாத்.

"போன மாசம் தலை சுத்தி விழுந்தீங்களே, அப்ப யாரு தூக்குனா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நோய் வந்த நாளிலிருந்து அப்படித்தான். எதைக் கேட்டாலும் நீ போ, நீ சாப்பிடு, நீ பாரு. தன்னைக் கணக்கில் சேர்க்காமலே பேசப் பழகியிருந்தார்.

மறுநாள் காலையில் ஷமீரா தன் அண்ணன் மீரா உசேன் வீட்டுக்குப் போனாள்.

"காக்கா, ஒங்க வேன் ஓடுமா?"

"ஓடும். ஏன்மா?"

திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணம் செய்ய வரும் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று அவர் ஒரு பழைய டிராவலர் வேனை வாங்கி, உள்ளே கட்டில், கை கழுவத் தொட்டி, ஜன்னலுக்குத் திரை எல்லாம் போட்டு ஒரு சிறு வீடாகவே ஆக்கியிருந்தார். வந்த குடும்பங்கள் லாட்ஜில் தங்கிக்கொண்டன. வேன் தென்னந்தோப்புக் கொட்டகையிலேயே நின்றுவிட்டது.

ஷமீரா உள்ளே ஏறிப் பார்த்தாள். கட்டிலுக்கு எதிரே ஆளுயர அலமாரி ஒன்று இருந்தது. திறந்தால் மேலே ஒரு கம்பி, அவ்வளவுதான். பட்டுப்புடவையும் வேட்டியும் கசங்காமல் தொங்குவதற்காகச் செய்தது. கீழே வரை வெறும் பொந்து. அதற்குள் மருந்துப் பெட்டிகளை அடுக்கினால் முதல் வளைவிலேயே சரிந்து அடியில் இருக்கும் பைகள் நசுங்கும். குழாய் மூடி எங்கே, முகக்கவசம் எங்கே என்று துழாவினால் கழுவிய கை மறுபடியும் அழுக்காகும். தட்டுகள் வேண்டும். இழுப்பறைகள் வேண்டும்.

பட்டுக்கோட்டையிலிருந்து ஆசாரி ஜோசப்ராஜ் வந்து பார்த்தான். அலமாரியின் பக்கத்தை விரலால் தட்டினான். டொக் டொக் என்று ஓட்டைச் சத்தம்.

"அக்கா, இது மெல்லிசு பலகை. ஸ்க்ரூ பிடிக்காது. தட்டு அடிச்சா தஞ்சாவூர் போறதுக்குள்ள கழண்டுடும். மொத்தமாப் பிரிச்சுப் புதுசாத்தான் செய்யணும். எனக்குக் கிறிஸ்மஸ் வேலை தலைக்கு மேல கெடக்கு. ஜனவரி கடைசியில செஞ்சு தர்றேன்."

"அதுக்குள்ள புள்ளை பொறந்துடும் தம்பி."

அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். வருத்தப்பட்டுவிட்டு மோட்டார்சைக்கிளில் ஏறிப் போனான்.

ஷமீரா அலமாரிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கொட்டகைத் தகரத்தில் மழை கொட்டியது. கடைசியில் எழுந்து வீட்டுக்கு வந்து நௌஷாத்திடம் சொன்னாள்.

"அலமாரிப் பலகை தாங்காட்டிப் போவுது. வேன் தரை தாங்கும்ல? உள்ளுக்குள்ளயே தனியா ஒரு கூடு செஞ்சு நிறுத்தி, தரையோட போல்ட்டு போட்டு முறுக்கிட்டா?"

"யாரு செய்வா?"

"நான்தான்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. "டார்ச் லைட்டு எங்க?" என்றார்.

கொட்டகையில், வேனுக்கு அடியில் சாக்கை விரிக்கச் சொல்லி, மெல்லக் குனிந்து பார்த்தார். "இந்த எடத்துல துளை போட்டுடாத, டீசல் குழாய் போவுது. ஒரு சாண் தள்ளிப் போடு. அங்க சேஸ் இரும்பு இருக்கு, வண்டியோட அடிச்சட்டம், நல்லா பிடிக்கும்." எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் குரலில் அந்தப் பழைய டிரைவரைக் கேட்டாள் ஷமீரா.

தையல் டேப்பால் அளந்து, பிளைவுட் கடையிலேயே பலகைகளை அறுத்து வாங்கினாள். முதல் தடவை எல்லாம் வீண். வேனின் பக்கம் மேலே போகப் போக உள்வாங்கியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. மேல்பலகை நுழையவே இல்லை. மறுபடி அளந்தாள், மறுபடி போனாள். அண்ணனின் டிரில்லைப் பிடித்துத் துளை போட்டபோது அவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"பொம்பளைப் புள்ளை, இதெல்லாம் ஒனக்கு எதுக்கும்மா?"

"அந்தப் பக்கத்தைப் பிடிங்க காக்கா, ஆடுது."

அவர் பிடித்துக்கொண்டார்.

கனமான தண்ணீர்ப் பைகளுக்கு அடித்தட்டுகள். பைகள் வழுக்காமல் இருக்க முன்னால் ஒரு விரற்கடை உயரத்துக்குச் சட்டம். நடுவில், கட்டிலில் உட்கார்ந்தபடியே கைக்கு எட்டும் உயரத்தில், இரும்புச் சட்டங்களில் ஓடும் மூன்று இழுப்பறைகள். உச்சியில் துண்டுகள். பழைய கம்பியில் ஒரு முழத்தை மட்டும் விட்டுவைத்தாள், மருந்துப் பையை மாட்ட.

மழை விட்ட ஒரு பகலில் ராஜாமடம் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். நௌஷாத்தான் ஓட்டினார், டாக்டர் ஏற்கெனவே சம்மதித்திருந்தார். முதல் வேகத்தடை ஏறி இறங்கியதும் உள்ளே தடதடவென்று ஒரு சத்தம். வண்டியை ஓரம் கட்டினார். இழுப்பறைகள் மூன்றும் வழுக்கிக்கொண்டு வெளியே பாய்ந்து கிடந்தன. ஒன்று கட்டிலில் மோதி உடைந்திருந்தது. அடித்தட்டில் துருத்தியிருந்த ஸ்க்ரூ முனை ஒரு பையைக் கிழித்து, தரையெல்லாம் தண்ணீர்.

நௌஷாத் வேன் படியில் நின்றபடி, "விட்டுடு ஷமீரா. இது ஆவாது" என்றார்.

"ஆவும்" என்றாள் அவள், துடைத்துக்கொண்டே. தலையை நிமிர்த்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கொல்லைக் கதவைத் திறக்கப் போனாள். கீல் தொய்ந்த கதவு அது. சும்மா இழுத்தால் வராது. நிலைப்படியில் இடித்துக்கொண்டு நிற்கும். கொஞ்சம் தூக்கி இழுக்க வேண்டும். தினமும் திட்டிக்கொண்டே திறக்கிற கதவு. அன்றைக்குத் தூக்கினாள், விட்டாள், இழுத்துப் பார்த்தாள். மறுபடி தூக்கினாள்.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்!"

வழுக்கி ஓடிய இரும்புச் சட்டங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, மரச்சட்டத்தின் மேல் இழுப்பறைகளை உட்கார வைத்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் முன்பக்கம் ஒரு சிறு வெட்டு. உள்ளே தள்ளினால் அந்த வெட்டு சட்டத்தின் மேல் விழுந்து கவ்விக்கொள்ளும், தூக்கினால்தான் வரும். வெட்டுகளை நௌஷாத் உட்கார்ந்தபடியே உளியால் கொத்தினார். ஸ்க்ரூ முனைகளை அவள் அரத்தால் ராவித் தேய்த்து, மேலே ரப்பர் விரிப்பு ஒட்டினாள். அடுத்த நாள் அதே சாலை, அதே வேகத்தடை. நௌஷாத் வேண்டுமென்றே வேகமாக ஏற்றி இறக்கினார். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அவர் திரும்பிப் பார்த்து, "இன்னொரு தடவை ஏத்தட்டா?" என்றார்.

"போதும், இடுப்பு ஒடிஞ்சுடும்."

விடிந்ததும் கிளம்பினார்கள். தஞ்சாவூர் வரை இரு பக்கமும் சம்பாப் பயிர் தண்ணீரில் நின்றது. கரூர் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக வேனை நிறுத்தி, கதவையும் ஜன்னல்களையும் அடைத்து, நௌஷாத் கை கழுவினார். ஷமீரா இழுப்பறையைத் தூக்கி இழுத்தாள். முகக்கவசம், மூடி, கிளிப் எல்லாம் வைத்தது வைத்த இடத்தில். பை கம்பியில் தொங்கி மெல்ல இறங்கியது. வெளியே லாரிகள் இரைந்துகொண்டு போயின.

"நீ ஒருத்தியாத்தான் போவேன்னு நெனச்சேன்" என்றார் அவர்.

"ஒங்கள விட்டுட்டா?"

ஓசூர் போய்ச் சேர்ந்தபோது சபிஹாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வேன் நேராக அங்கேயே போனது. ஷமீரா மாடிக்கு ஓடினாள். நௌஷாத் வண்டி நிறுத்தும் இடத்திலேயே தன் அடுத்த வேளையை முடித்துக்கொண்டார். மறுநாள் மதியம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் குழந்தையும் நலம் என்று சொல்லி, நர்ஸ் துணியில் சுற்றிய பிள்ளையை நீட்டினாள்.

நௌஷாத் பின்னால் நகர்ந்து, "நீ வாங்கு ஷமீரா, நீ வாங்கு" என்றார்.

"நீங்க வாங்குங்க" என்றாள் அவள்.

அவர் இரண்டு கைகளையும் நீட்டினார்.