கண்ணை மூடிப் போட்ட ஓட்டு

மாதத்தின் முதல் ஞாயிறு வந்தால் குர்னியாவின் வீட்டு வாசற்படி செருப்புகளுக்கு அடியில் காணாமல் போய்விடும். இந்தோனேசியாவின் பாண்டுங் நகரத்துச் சினிமா இசைப் பைத்தியங்கள் கூடுவது அங்கேதான். பாட்டெல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. பின்னணி இசைதான் வேண்டும். கதாநாயகி கதவைத் திறக்கும்போது எந்த வாத்தியம் முனகியது, சண்டைக்கு நடுவில் முரசு ஏன் நின்றது என்று பேசிப் பேசியே காய் பஜ்ஜியைத் தட்டுத் தட்டாகத் தீர்த்துவிடுவார்கள். பஜ்ஜி சுடுவது, கடித்துக்கொள்ளப் பச்சை மிளகாய் வைப்பது, காப்பி ஆற்றுவது எல்லாம் குர்னியா. அவள் கணவர் சுஹெர்லான் சினிமாவில் ஒலிப்பதிவு பார்த்தவர். அவர் ஆரம்பித்த கூட்டம் இது. அவர் செத்துப்போன பிறகும் வருகிறார்கள். பெரிய ஸ்பீக்கரும் டேப் மெஷினும் இங்கேதானே இருக்கின்றன. பஜ்ஜி சுடுகிறவளுக்கும் காது உண்டு என்ற எண்ணம் ஒருத்தருக்கும் ஒரு நாளும் வந்ததில்லை.

சுஹெர்லான் ஒரு வழக்கம் வைத்திருந்தார். இரண்டு இசையை ஒப்பிட்டால் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டுதான் கை தூக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத் தூக்கக்கூடாது. ஒருவர் மட்டும் கண்ணைத் திறந்து எண்ணுவார், எண்ணிக்கையை மட்டும் சொல்வார். யார் எதற்குத் தூக்கினார்கள் என்று மூச்சு விடக்கூடாது. இப்போது எண்ணுவது குர்னியா. அவளுக்கு ஓட்டு கிடையாது.

இந்த ஞாயிறு கூடம் நிரம்பி வழிந்தது. இசையமைப்பாளர் வீரதினாத்தாவே வந்திருந்தார். எண்பதை நெருங்கும் வயது, தலையில் கரிய சாயம். 'கிணற்றடி மணமகள்' என்ற பழைய பேய்ப் படத்துக்கு அவர் போட்ட இசையை இசைத்தட்டாகக் கொண்டுவரப் போகிறான் குமிலார். சொந்தமாகச் சின்னக் கம்பெனி வைத்திருக்கிறான். எந்த ஒலியைப் போடுவது என்பதை இன்றைய ஓட்டு முடிவு செய்யும்.

எல்லாருக்கும் தெரிந்தது டெலிவிஷனில் வந்த பிரதி. கிணற்றடிக் காட்சியில் ஒற்றை வயலின் வரும். அந்தப் பிரதியில் சுருதி படகில் போகிறவன் வயிறு மாதிரி மேலும் கீழும் புரளும். ரசிகர்கள் அதற்கு 'நடுக்கம்' என்று பெயரே வைத்து, பக்கம் பக்கமாக எழுதியும் தள்ளியிருந்தார்கள். உண்மை என்னவென்றால், டெலிவிஷனுக்குப் பிரதி எடுத்த மெஷினில் பெல்ட் தளர்ந்திருந்தது. அவ்வளவுதான் சங்கதி.

பெல்ட் விஷயம் சுஹெர்லான் சொன்னது. வாசிப்பில் புரளல் இல்லை என்பது குர்னியாவுக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த வயலினை வாசித்ததே அவள்தான். கல்யாணத்துக்கு முன்னால், ஸ்டூடியோவில் நின்றபடி, ஒரு மயிரிழை பிசகாமல் வாசித்தாள். படத்தில் வாத்தியக்காரர்கள் பெயரைப் போடவில்லை. மூத்தவன் பிறந்த பிறகு வில்லைத் தொடவும் இல்லை. அசல் ரீலைச் சுஹெர்லான் துண்டில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தது அவர் போன பிறகுதான் அவள் கண்ணில் பட்டது. அவள் வாசித்ததற்கு உலகத்தில் மிஞ்சிய ஒரே சாட்சி அது. ஓட்டு அசலுக்கு விழுந்தால் வாசித்தது வாசித்தபடி இசைத்தட்டில் ஏறும், பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். இல்லாவிட்டால் அந்தப் புரளல்தான் காலத்துக்கும் அவள் வாசிப்பு. ரீலைக் கொடுத்தபோது வாசித்தது தான் என்பதை அவள் சொல்லவில்லை. சொன்னால் இரக்கப்பட்டுக் கை தூக்குவார்கள். காதால் கேட்டுத் தூக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

"சரகி முரசடிச்சா நெஞ்செலும்பே அதிரும், காங். உங்க ஆளு என்ன, நாலு வயலினை இழுத்துவிட்டுட்டுப் போயிடுவாரு," என்றான் டிக்டிக். வங்கியில் வேலை, வாய் மட்டும் சந்தையில். குமிலாரை அண்ணன் முறையில் 'காங்' என்பான்.

"மெதுவா பேசுடா, மனுஷன் எதிர்லயே உக்காந்திருக்காரு," என்றான் குமிலார்.

"பேசட்டும், பேசட்டும்," என்றார் வீரதினாத்தா. "சரகி நல்ல முரசுக்காரன். அவனை இசையமைப்பாளர்னு யாரு சொன்னா?"

கூடம் சிரித்தது. அதே காலத்தில் படங்களுக்கு இசையமைத்துச் செத்துப்போன சரகியின் வீட்டில் இந்த மனிதர் எத்தனை நாள் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார் என்பது குர்னியாவுக்குத் தெரியும். அவர் மீசையில் எண்ணெய் மினுங்கியது. விரல்களைச் சோபாத் துணியில் துடைத்தார். முக்காடு போட்ட கிழவியாக அவள் காப்பி நீட்டியபோது அவர் நிமிர்ந்து முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

முதலில் அசல் ரீல் ஓடியது. வயலின் நேராக, சுத்தமாக, கிணற்றுக்குள் இறங்கும் கயிறு மாதிரி இறங்கியது. அவளுடைய இடக்கை விரல்கள் இடுப்பில் சுற்றிய சாரோங்கின் மேல் தாமாக அசைந்தன. அடுத்து டெலிவிஷன் பிரதி புரண்டு புரண்டு ஓடி முடிந்தது.

"கண்ணை மூடுங்க," என்றாள். "அசலுக்கு யாரு?"

ஒரே ஒரு கை எழுந்தது. எண்ணெய் ஒட்டிய கை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கொஞ்சமும் தயங்காமல் தூக்கியிருந்தார் வீரதினாத்தா. அட மனுஷா, காது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று அவளுக்கு மனசு இளகிவிட்டது. பிரதிக்கு மற்ற எல்லாக் கைகளும் எழுந்தன.

"அசலுக்கு ஒண்ணு. மத்ததெல்லாம் நடுக்கத்துக்கு."

"யாருப்பா அந்த ஒத்தைச் செவிடு?" என்றான் டிக்டிக்.

எல்லாரையும் விட உரக்கச் சிரித்தவர் வீரதினாத்தா. "காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு வந்திருப்பான், விடுங்க."

குர்னியா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"பாக், அந்த நடுக்கத்தை எப்படிக் கொண்டுவந்தீங்க?" என்று, பெரியவர்களைப் 'பாக்' என்றழைக்கும் மரியாதையோடு கேட்டான் குமிலார். "வயலின்காரர் குடிச்சிருந்தாருன்னு சொல்றாங்களே."

அவர் கிராம்புச் சிகரெட்டைப் பற்றவைத்தார். சுற்றி உட்கார்ந்திருந்த முகங்களை ஒரு தடவை பார்த்தார். எதை எதிர்பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"காரர் இல்ல, ஒரு பொண்ணு. கல்லு மாதிரி வாசிச்சா. உணர்ச்சியே கிடையாது. வெளிய இழுத்துட்டுப் போய் கன்னத்துல ஒண்ணு விட்டேன். அழுதுக்கிட்டே வந்தா. அப்படியே வாசிடின்னேன். அதான் நடுக்கம்."

அன்று வாசித்து முடித்ததும் இதே மனிதர் அவளிடம் வந்து தலை குனிந்து நன்றி சொன்னார். தெருமுனை வண்டியில் அவளுக்குப் பக்சோ இறைச்சி சூப்பு வாங்கிக் கொடுத்தார். அடியாவது, அழுகையாவது.

"இதுக்குத்தான் மேதைங்கறது," என்றான் டிக்டிக், அதைச் செல்போனில் எழுதிக்கொண்டே. "அந்தப் பொண்ணு பேரு என்ன, பாக்?"

"பேரெல்லாம் யாருக்கு ஞாபகம். பாவம், சின்ன வயசுலயே செத்துப் போயிட்டா."

எல்லாரும் ஒரு கணம் முகத்தைத் தொங்கப்போட்டார்கள். பிறகு பஜ்ஜித் தட்டுக்குக் கை நீட்டினார்கள்.

குர்னியா அந்தக் கைகளைப் பார்த்தாள். கிழவன் பொய் சொன்னது போகட்டும், தன்னைச் சாகடித்ததும் போகட்டும். அந்த அறைதான் இவர்களுக்குப் பிடித்திருந்தது. ஒரு பெண்ணை அடித்துப் பிழிந்தால்தான் இசை வரும் என்று கேட்டு ஒவ்வொருத்தன் கண்ணும் பளபளத்தது. இத்தனை வருஷம் இந்த வாய்களுக்கா மாவு கரைத்தோம் என்று நினைத்தாள். சீ.

எழுந்து மெஷினை அணைத்தாள்.

"எண்ணுறவ யாரு பேரையும் சொல்லக் கூடாதுன்னு இந்த வீட்டுல விதி. இன்னைக்கு மீறப் போறேன். அந்த ஒத்தைச் செவிடு இவருதான்."

வீரதினாத்தாவின் முகம் வெளுத்தது. சிகரெட் சாம்பல் அவர் தொடையில் உதிர்ந்தது. இப்போதாவது உண்மையைச் சொல்லட்டும் என்று குர்னியா நின்றாள்.

குமிலாரின் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. "பாக் நம்மள சோதிச்சுப் பாத்திருக்காரு."

"தன் இசைக்கே எதிரா ஓட்டுப் போட்டிருக்காரு பாருங்க," என்றான் டிக்டிக். "நம்ம காது எப்படின்னு பாக்கறதுக்கு."

கை தட்டினார்கள். வீரதினாத்தா நெஞ்சில் கை வைத்து, அடக்கமாகத் தலை குனிந்து, அந்தக் கைதட்டலையும் வாங்கிக்கொண்டார். முகத்தில் ரத்தம் திரும்பிவிட்டது.

குர்னியா ரீலைக் கழற்றித் துண்டில் சுற்றினாள். "மிச்ச பஜ்ஜியை எடுத்துக்கிட்டு எல்லாரும் கிளம்புங்க. அடுத்த மாசம் வேற வீடு பாத்துக்குங்க."

"என்ன இபு, என்னம்மா திடீர்னு?" என்றான் குமிலார். "சரி, அந்த ரீலைக் குடுங்க. ரெண்டாவது பக்கத்துல கடைசியா போடலாம். வேடிக்கைக்கு."

"வேடிக்கைக்குக் குடுக்க மாட்டேன்."

முணுமுணுத்தபடி வாசலில் செருப்புத் தேடினார்கள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. வீரதினாத்தா கடைசியாக வந்தார். துண்டை அணைத்திருந்த அவள் இடக்கையை, அந்த நீண்ட விரல்களைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"குர்னியாசியா?" ஸ்டூடியோ நாளில் அவளை அழைத்த முழுப்பெயர் அது. "சத்தியமா எனக்குத் தெரியலம்மா. கேக்க நல்லா இருக்கும்னு சும்மா சொன்னது. நீ வாசிச்சதுதான் சரி. கண்ணை மூடினா என் கை அதுக்குத்தானே போச்சு."

"கண்ணைத் திறந்துக்கிட்டு அவங்க கிட்ட சொல்லுங்க."

டிக்டிக் படிக்குக் கீழே அவருக்காகக் குடை விரித்துக் காத்திருந்தான். கிழவர் குடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இனிமே எப்படி, குர்னியாசி..."

"யாரைக் கூப்பிடறீங்க, பாக்? அந்தப் பொண்ணுதான் சின்ன வயசுலயே செத்துப் போயிட்டாளே."

கதவைச் சாத்தினாள். வெளியே டிக்டிக்கின் குரல் கேட்டது.

"அந்தம்மா என்ன பாக் சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லப்பா. அவங்களுக்கும் ஒரு கையெழுத்து வேணுமாம்."

குர்னியா சோபாத் துணியை உருவிக்கொண்டு போய்ச் சோப்புத் தண்ணீரில் முக்கினாள்.