கொழுத்த கார்லோவின் வரவு

கூத்தில் கிறிகோரிக்கு ராசா வேடம் கிடைத்ததற்கு அவருடைய குரல் காரணமல்ல, வயிறுதான் காரணம். இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், லிபெர்த்தாத் தெருவில் ஒரு பணக்காரக் கிழவரைப் பராமரிக்கிற வேலை அவருக்கு. கிழவர் மிச்சம் வைக்கிற பாஸ்தாவெல்லாம் எங்கே போகிறது என்பதை ஒத்திகைக்கு வந்த எல்லாரும் கண்ணால் கண்டார்கள்.

அந்த வருடத்துக் கோவில் திருவிழாவுக்கு, கூத்து எழுதிப் பழக்குகிற அண்ணாவியார் ஆனந்தராசா புதுக் கூத்து எழுதியிருந்தார். பலெர்மோத் தமிழர் ஆடி ஆடிப் புனிதர் கதைகள் எல்லாம் தீர்ந்துபோயிருந்த நேரம் அது. பகலில் ஒரு மாடிக் கட்டடத்தின் வாசலில் சாவிக்கொத்தோடு காவல் இருக்கிற அண்ணாவியாருக்கு வாசிக்க நேரத்துக்குப் பஞ்சமில்லை. ஆயிரத்துச் சொச்சம் வருடங்களுக்கு முன் வைக்கிங்குகள் கப்பல் கப்பலாக வந்து பாரிசைச் சுற்றி வளைத்த கதையை எங்கேயோ பிடித்துவிட்டார். பாரிஸ் என்றதும் சனத்துக்குச் சந்தோசம். இங்கே பாதிப்பேருக்குப் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு அண்ணனோ மச்சானோ இருக்கிறார்கள். மச்சானுடைய கடைத்தெருவை வைக்கிங்குகள் முற்றுகையிடுவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இராது?

கதை இதுதான். பாரிஸ் அப்போது ஆற்றின் நடுவே ஒரு தீவு. இரண்டு பாலங்கள், பாலத்து முனையில் கோபுரம். ஆற்றில் மேலே போக வழி விடும்படி வைக்கிங்குகள் கேட்கிறார்கள். பாரிசின் ஆயரும் ஓடோ என்ற பிரபுவும் மறுத்துவிடுகிறார்கள். பிறகு மாதக்கணக்கில் அம்பும் நெருப்பும் பசியும் கொள்ளைநோயும். ஆயரே நோயில் செத்துப்போகிறார். எல்லாம் முடிகிற காலத்தில்தான் பிராங்கு நாட்டுப் பேரரசன் கார்லோ பெரும்படையோடு வந்து சேர்கிறான். வந்தவன் வாளை உருவவில்லை. வெள்ளியைக் கொடுத்து, குளிர்காலத்துக்கு ஆற்றின் மேலே பர்கண்டி நாட்டுக்குப் போய்க் கொள்ளையடித்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுகிறான். பாரிஸ்காரர் அப்போதும் ரோசத்தை விடவில்லை. எங்கள் பாலத்துக்குக் கீழே போகக்கூடாது என்கிறார்கள். வைக்கிங்குகள் கப்பல்களைக் கரையில் ஏற்றி இழுத்துக்கொண்டு போனார்களாம். அந்த ராசாவுக்கு மிஞ்சியது கொழுத்த கார்லோ என்ற பட்டப்பேர் மட்டும்தான்.

ஓடோவாக றொனி. பலெர்மோக் கடைகளில் உல்லாசப் பயணிகளுக்கு விற்கிற பிராங்கு வீரப் பொம்மைகளைப் பார்த்துத் தகரத்தில் தலைக்கவசம் செய்து, அதைச் சாப்பாட்டு நேரத்திலும் கழற்றாமல் திரிந்தான். வைக்கிங்குகளின் கப்பல்கள் பழைய குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைகள்.

கூத்தில் ஒரு முறை உண்டு. பெரிய வேடக்காரன் சும்மா நடந்து மேடைக்கு வரமாட்டான். கட்டியகாரன் முன்னே வந்து அவன் புகழைச் சொல்ல, அவன் சுற்றி ஆடித் தான் யார் என்று பாடுவான். அதற்குப் பேர் வரவு. ஓடோவுக்கு வரவு இருந்தது. ஆயருக்கு இருந்தது. கொள்ளைக்கார வைக்கிங் தலைவனுக்கும் நல்ல துள்ளல் மெட்டில் ஒன்று இருந்தது. கார்லோவுக்கு மட்டும் இல்லை.

"அண்ணாவியார், ராசாவுக்கு வரவு இல்லையோ?" என்று கிறிகோரி கேட்டார்.

"எதிரிக்கு வெள்ளி குடுத்து அனுப்பினவனுக்கு என்ன வரவு? கோமாளி மாதிரி வாறான், சனம் சிரிக்குது, போறான்."

"அப்ப நான் ஆடேல்லை."

போர்கோ வெக்கியோப் பகுதியில் கோவிலுக்குப் பின்னால் இருக்கிற மண்டபத்தில்தான் ஒத்திகை. எல்லாரும் சிரித்தார்கள். பாட்டுக் குறைந்தால் கோபித்துக்கொள்ளாத கூத்தாடி உலகத்தில் இல்லை. கிறிகோரி சிரிக்கவில்லை. உடுப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் பேசினார்.

"முள்ளிவாய்க்காலிலை பங்கருக்குள்ளை இருக்கேக்கை நான் மாதாட்டை என்ன கேட்டனான் தெரியுமோ? வெற்றி கேக்கேல்லை. ஆராவது ஒருத்தன் வந்து, என்னத்தையாவது குடுத்து இந்தச் சண்டையை நிப்பாட்டட்டும் எண்டுதான் கேட்டனான். பொன்னைக் குடுக்கட்டும், மண்ணைக் குடுக்கட்டும், மானத்தைக் குடுக்கட்டும். ஒருத்தனும் வரேல்லை. கஞ்சிக்கு வரிசையிலை நிண்ட என்ர பிள்ளையைத் துண்டாத்தான் தூக்கினனான். இந்தக் கார்லோ வந்தவன். குடுத்தவன். சனம் பிழைச்சுது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடை போச்சு. நீங்கள் அவனைக் கோமாளி எண்டுறியள்."

றொனி தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்தான். அண்ணாவியார் கொப்பியைத் திறந்துகொண்டு, "எழுதுறன்" என்றார்.

அப்போதுதான் றோசமலர் வாயைத் திறந்தாள். பிற்பாட்டுக்காரரில் ஒருத்தி, ஒரு இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டில் சமையல் வேலை, அதிகம் கதைக்காதவள்.

"தலைப்பாகையோடை போனது பேந்து எங்கை போனது, அண்ணை?"

"என்ன கேக்கிறாய்?"

"கிழக்கிலை சண்டை முடிஞ்சுதெண்டு அரசாங்கத்துக்காரர் வெடி கொளுத்தினவை. அங்கை நிண்ட பீரங்கி எல்லாம் பேந்து எங்கட மன்னார்ப் பக்கம்தான் வந்தது. நாங்கள் பர்கண்டிக்காரர். அதுதான் கேட்டனான்."

கிறிகோரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருடங்களில் முதல்முறை வாயைத் திறந்து சொன்ன துக்கத்தை ஒருத்தி உடனேயே தராசில் வைத்துவிட்டாளே என்ற கோபம். அன்று பஸ்ஸில் இருவரும் ஒன்றாகப் போகவேண்டியவர்கள். அவர் அடுத்த பஸ் வரும்வரை நின்றார்.

எழுதுகிறவர்களுக்கு அடுத்தவர் சண்டை அரிசி மூட்டை மாதிரி, வீணாக விடமாட்டார்கள். அடுத்த ஒத்திகைக்கு அண்ணாவியார் கார்லோவுக்கு ஒரு வரவும், றோசமலருக்குப் பர்கண்டிப் பெண் என்று ஒரு புது வேடமும் எழுதிக்கொண்டு வந்தார். அவள் ஒரு கேள்வி பாடுவாள். ராசா பதில் பாடுவான். பதில் நீளமானது, சட்டம் பேசுகிற மாதிரி உறுதியானது. எரிகிற வீட்டைத்தான் முதலில் அணைக்கவேண்டும், கண்முன்னே சாகிறவனைத்தான் முதலில் காக்கவேண்டும் என்று போகும். கிறிகோரி அதைக் கிழவரின் சக்கர நாற்காலியைக் கடற்கரையில் தள்ளும்போதெல்லாம் பாடிப் பாடிக் கரைத்துக் குடித்துவிட்டார். கிழவருக்கு மெட்டுப் பிடித்துப்போய், "பிராவோ" என்று நாற்காலிக் கையில் தட்டுவார். மேடையில் வைத்து அவள் வாயை அடைத்துவிடலாம் என்பதுதான் கிறிகோரியின் எண்ணம். ராசா வென்றால், தான் அன்று மாதாவிடம் கேட்டது சரி என்றாகிவிடும் என்று அவர் நம்பினார்.

ஞாயிறு பின்னேரம் மண்டபம் நிரம்பி வழிந்தது. பாரிசிலிருந்து வந்த மச்சான்மார் முன்வரிசையில். கோவிலின் பாதிரியாரான சிசிலிக்காரச் சுவாமியார் வாள்களைக் கண்டு குழந்தையாகிவிட்டார். கோபுரம் எரிந்தது, ஆயர் செத்தார், றொனி வெட்டிய வேகத்தில் ஒரு வைக்கிங்கின் மீசை கழன்று விழுந்தது.

பிறகு கட்டியகாரன் வந்தான். "பேரரசர் வருகிறார், வழிவிடுங்கள்!" கொழுத்த வயிற்றைக் கண்டு பின்வரிசையில் சிரிப்பு எழும்பியது. கிறிகோரி மத்தளத்துக்குக் கால் வைத்து ஒரு சுற்று ஆடிவந்து பாடினார்:

"மதிலுக்குள் அழுகின்ற மழலைக்கு விலை என்ன?
மணிமுடி கேட்டாலும் தருவேனே – வெள்ளி
மலையாகக் கேட்டாலும் தருவேனே!"

சிரிப்பு பாதியில் நின்றது. அவருடைய மனைவி மொனிகா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அந்தக் கொழுத்த மனிதன் பாடுகிற மழலை யார் என்று அவளுக்குத் தெரியாதா? வெள்ளி கைமாறியது. வைக்கிங்குகள் அட்டைக் கப்பல்களைத் தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள். சனம் கைதட்டியது. கிறிகோரிக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

கப்பல்கள் போன அதே பக்கத்திலிருந்து றோசமலர் வந்தாள். கரி பூசிய சேலை, கட்டியகாரன் இல்லை, ஆட்டம் இல்லை. நின்றபடியே பாடினாள்:

"பாரிசின் பிள்ளையைக் காத்தவரே – எங்கள்
பக்கமாய் ஏனையா திருப்பிவிட்டீர்?"

கூத்தில் இன்னொரு முறையும் உண்டு. ஒருவர் பாடி முடித்த கடைசி அடியைப் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுவார்கள். மற்றவர் பாட்டை எடுக்கும்வரை அவர்கள் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் கூத்து விழுந்துவிடும். எனவே அவர்கள் பாடினார்கள்: எங்கள் பக்கமாய் ஏனையா திருப்பிவிட்டீர்?

கிறிகோரி வாயைத் திறந்தார். பதிலின் முதல் சொல் நாக்கு நுனியில் நின்றது. அப்போது அவளுடைய முகத்தைப் பார்த்தார். அவள் சண்டைக்கு வந்தவளாகத் தெரியவில்லை. அவள் ராசாவைப் பார்க்கவுமில்லை. கிறிகோரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், உண்மையிலேயே பதில் தெரியவேண்டும் என்பது போல. பங்கர் வாசலில் இருந்து வானத்தைப் பார்த்துத் தானும் இதையேதான் கேட்டார் என்பது அவருக்கு நினைவு வந்தது. ஏன் எங்கள் பக்கம்?

பிற்பாட்டு மறுபடி சுற்றி வந்தது. அண்ணாவியார் முதல் அடியை எடுத்துக் கொடுத்தார், பயனில்லை. மத்தளக்காரர் சத்தத்தைக் கூட்டினார். சனம் இதுவும் கூத்தில் உள்ளதாக்கும் என்று நினைத்து, பிற்பாட்டோடு சேர்ந்து பாடத் தொடங்கிவிட்டது. மண்டபம் முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

கடைசியில் கொழுத்த கார்லோ மணிமுடியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளுக்குப் பக்கத்தில் போய் நின்று, சனத்தைப் பார்த்து அதே அடியைத் தானும் பாடினான். அவள் குரலும் சேர்ந்தது. அண்ணாவியாருக்கு வேறு வழி இல்லை. அங்கிருந்தே மங்களப் பாட்டுக்குப் போய்க் கூத்தை முடித்தார்.

"அவ்வளவு பாடமாக்கியும் மறந்திட்டியே, கிறிகோரி?" என்று பிறகு உடுப்பு அறையில் குமுறினார்.

"மறக்கேல்லை, அண்ணாவியார்."

மூலையில் றோசமலர் முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கிறிகோரி ஈரத்துணி ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தன் முகத்து ஒப்பனையைத் துடைக்கத் தொடங்கினார்.

"பிள்ளையின்ர பேர் என்ன, அண்ணை? இவ்வளவு காலமும் கேக்கேல்லை."

"ஜெசிக்கா. அஞ்சு வயசு." அவர் துணியின் மறுபக்கத்தைத் திருப்பினார். "உனக்குப் போனது ஆர், தங்கச்சி?"

"தம்பி. கிரிசாந்."

கிறிகோரி தலையாட்டினார். வெளியே சுவாமியார் யாரோடோ தகர வாளைச் சுழற்றிச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"செத்தவையின்ர பேர் வாசிக்கிற நாளைப் பூசைக்கு மகளின்ர பேர் குடுக்கப் போறன். தம்பியின்ரையும் குடுக்கட்டோ?"

அவள் துணியை மடித்து வைத்தாள்.

"குடுங்கோ. ஆனா தனித்தனியா வாசிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ. ஒரு வீட்டுப் பிள்ளையள் மாதிரி ஒண்டா வாசிக்கட்டும்."

அன்று இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள்.