ஐயாயிரத்து ஐந்நூற்றுக்கு மேலே

எங்கள் வெள்ளி நிற ஹைப்ரிட் காரை விற்கப் போகிறோம் என்று என் மனைவி சிஸுரு சொன்னபோது வருத்தப்பட்டது நான்தான். அந்த வண்டியில் கியர் மாறுவதே கிடையாது. நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றி வரும் சின்னச் சக்கரங்கள், எல்லாவற்றையும் அணைத்தாற்போல் வெளியே ஒரு பல் வளையம். எஞ்சின் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது, இரண்டு மோட்டார்கள் மற்ற இரண்டைப் பிடித்துக்கொள்கின்றன. மூன்றும் தங்களுக்குள் பேசி முடித்து ஒரு வேகத்தைச் சக்கரத்துக்கு அனுப்புகின்றன. எனக்கு அது அலுக்காத அதிசயம். அவளுக்கு அது ரைஸ் குக்கர்.

"சாதம் நல்லாத்தானே வேகுது?" என்றேன்.

"வேகுது. பட்டனைத் தட்டினா அதுவே வேகுது. அதுல எனக்கு என்ன வேலை?"

ஹமமாட்சு நகரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொடுப்பவள் கேட்கிற கேள்வி அது. நாள் முழுக்க இடது சீட்டில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் உதவி பிரேக்கில் பாதம் வைத்து, அடுத்தவர்கள் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவள். எனக்கோ கார் நிறுத்தும் இயந்திரங்களைப் பராமரிக்கிற வேலை. அடுக்குமாடிகளில் காரைத் தட்டோடு தூக்கி மேலே வைக்குமே, அவற்றை. எங்கள் குடியிருப்பிலும் அப்படி ஒன்றுதான். எங்களுக்கு ஒரே ஒரு தட்டு. புதிதாக ஒன்று வர வேண்டுமானால் வெள்ளிக் கார் போயாக வேண்டும்.

அவசரத்துக்குக் காரணம் அவளுடைய இடது முழங்கால். வசந்த காலத்தில் எடுத்த ஸ்கேன் படத்தில் மூட்டுச் சவ்வு தேய்ந்திருப்பது தெரிந்தது. படிக்கட்டைக் குறைக்கச் சொன்ன டாக்டர், கிளட்ச் மிதிக்கிற காரையும் சில வருஷத்தில் மறந்துவிட வேண்டியிருக்கும் என்றார். பள்ளியில் சேர்கிறவர்களும் இப்போது பெரும்பாலும் ஆட்டோமேட்டிக்தான் கேட்கிறார்கள். என் லைசென்ஸே ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும் செல்லும் லைசென்ஸ். சிஸுரு ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். கால் இருக்கும்போதே, கையால் கியர் போடுகிற, ஓட்டினால் சந்தோஷமாக இருக்கிற ஒரு பழைய வண்டி வேண்டும். அவளுக்கு அதுதான் கடைசிக் கிளட்ச். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் இன்னொரு முறை கிடையாது.

மிக்கபி போகிற சாலையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டும் விற்கிற இவாபுச்சியின் கடைக்குப் போனோம். நாற்பது வயது ஆள். வாசலில் சிஸுருவைப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்து நின்றார். பதினெட்டு வயதில் அவளிடம் ஓட்டக் கற்றவர்.

"டீச்சர், என்னை ஞாபகம் இருக்கா?"

"எனக்கு இருக்கறது இருக்கட்டும். ஸ்கூல்ல அந்தக் குறுகல் திருப்பத்துல நிக்குதே கம்பம், அதுக்கு உன்னை நல்லா ஞாபகம் இருக்கும்."

கடைப்பையன்கள் சிரிப்பை அடக்க, இவாபுச்சி தலையைச் சொறிந்துகொண்டு வண்டிகளைக் காட்டினார். அவள் கால் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு பெரிய டர்போ வண்டிகளை அவரே ஒதுக்கிவிட்டார். அவற்றின் கிளட்ச் கல் மாதிரி. கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று சிவப்பு, இரண்டே சீட், கூரையைப் பின்னால் மடித்துவிடலாம், பின்சக்கரம் தள்ளுகிற வண்டி. இன்னொன்று எண்பதுகளின் கடைசியில் வந்த வெள்ளை ஹேட்ச்பேக். பார்க்க மளிகை வாங்கப் போகிற வண்டி போலத்தான் இருக்கும்.

இரண்டின் கிளட்ச் பெடலையும் நான் கையால் அழுத்திப் பார்த்தேன். சிவப்பில் எண்ணெய் அழுத்தம் வேலை செய்கிறது. பெடல் வெண்ணெய் போல இறங்கியது. வெள்ளையில் இரும்புக் கேபிள், உறைக்குள் உரசி உரசித்தான் போகும். எண்ணெய் விட்டால் கொஞ்சம் இளகும், சிவப்பு அளவுக்கு வராது. முழங்காலைக் கேட்டால் சிவப்பைத்தான் சொல்லும்.

ஏரிக்கு மேலே ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே ஏறும் சாலையில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தாள். புறப்படுமுன் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்து, கண்ணாடிகளை விரலால் சுட்டி "வலது சரி, இடது சரி" என்று வாய்விட்டுச் சொன்னாள். ஓட்டியதைப் பற்றி என்ன சொல்ல? என் கையிலிருந்த திறந்த தேநீர் பாட்டில் ஒரு திருப்பத்திலும் தளும்பவில்லை. நின்றது எப்போது, கிளம்பியது எப்போது என்று உடம்புக்குத் தெரியவில்லை. இறங்கி வந்து யோசித்தாள். இரண்டுமே நல்ல வண்டி, இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது என்றாள். அவள் முகம் வாடியிருந்தது. ரைஸ் குக்கரும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது என்று அவள் சொல்லாவிட்டாலும் எனக்குக் கேட்டது.

எனக்கு ஒரு சந்தேகம். இடது சீட்டில் வேறு வேலை இல்லாததால் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். மலை ஏறும்போதுகூட அது மூவாயிரத்தைத் தாண்டவில்லை. இது வெள்ளை வண்டிக்குச் செய்கிற அநியாயம். ஏன் என்று மதியம் கியோஸா என்கிற கறிக் கொழுக்கட்டை விற்கும் கடையில், தட்டின் நடுவில் இருந்த அவித்த பயறு முளையைத் தள்ளி வைத்துவிட்டு, சாப்ஸ்டிக்குகளை வைத்து அவளுக்கு விளக்கினேன்.

எஞ்சின் மூச்சு விடுவது வால்வுகள் வழியாக. வால்வைத் திறப்பது, சுழல்கிற ஒரு தண்டில் இருக்கும் மேடு. மேடு சின்னதாக இருந்தால் வால்வு கொஞ்சமாகத் திறக்கும். மெதுவாக ஓட்ட அது போதும். பெரிய மேடு வைத்தால் வேகத்தில் நிறையக் காற்று போகும், ஆனால் மெதுவாகப் போகும்போது எஞ்சின் திணறும். நடக்கும்போது மூக்கால் மூச்சு விடுகிறோம், ஓடும்போது வாயைத் திறக்கிறோம். சாதாரண எஞ்சினுக்கு இரண்டில் ஒன்றுதான் வாய்க்கும். இந்த வெள்ளை வண்டியைச் செய்தவர்கள் ஒரே தண்டில் இரண்டு விதமும் வைத்தார்கள். மேட்டுக்கும் வால்வுக்கும் நடுவே இரும்புக் கைகள் உண்டு; அவற்றில் பெரிய மேட்டுக்கான கை சும்மா ஆடிக்கொண்டே இருக்கும், வால்வைத் தொடாது. ஐயாயிரத்து ஐந்நூறு சுற்றை எட்டியதும் எண்ணெய் அழுத்தம் ஒரு சின்ன ஊசியைத் தள்ளும். ஊசி எல்லாக் கைகளையும் ஒன்றாகப் பூட்டும். அந்த நொடியிலிருந்து எல்லாமே பெரிய மேட்டின் சொல்படிதான். அதே வண்டி, வேறு எஞ்சின்.

"நீ பாதி வண்டியைத்தான் ஓட்டியிருக்க" என்றேன்.

அவளுக்கு அது தெரியாததில்லை. இந்த மாதிரி வண்டிகளைப் பற்றிப் போன வாரமே படித்திருந்தாள். "தெரியுதுங்க. ஆனா நாலாயிரம் வர்றதுக்குள்ள கால் தானா எடுத்துக்குது. நான் எடுக்கல, அதுவா எடுக்குது." சாப்பிட்டபின் இன்னொரு முறை போய் முயன்று பார்த்தாள். முள் நாலாயிரத்தைத் தொடும், எஞ்சின் சத்தம் மாறும், உடனே அவள் கை அடுத்த கியரைப் போட்டிருக்கும். "இங்க மாத்தணும், இங்க மாத்தணும்" என்று ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொல்லிச் சொல்லி, அந்த வார்த்தை அவள் காலுக்குள் இறங்கியிருந்தது.

கடைக்குத் திரும்பியதும் இவாபுச்சி சொன்னார்: "டீச்சர் ஓட்டினா எல்லா வண்டியும் ஒரே வண்டிதான். வண்டி முரண்டு பண்றதுக்கு நீங்க இடமே குடுக்கறதில்ல. என்னை மாதிரி ஒரு மக்கு ஓட்டினாத்தான் அதோட குணம் வெளிய வரும்."

"நீ இப்ப ஒழுங்கா ஓட்டறியே."

"அதான் கஷ்டம். வேற மக்கு வேணும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

சாலையில் நான் அந்த வண்டிகளைத் தொட முடியாது. ஆனால் ஸ்கூலுக்குள் இருக்கும் பயிற்சித் தடத்தில், டீச்சர் பக்கத்தில் இருந்தால், லைசென்ஸே இல்லாதவர்களும் ஓட்டுகிறார்கள். சிஸுரு முதல்வரிடம் கேட்டாள். ஸ்கூல் விடுமுறை நாளன்று இவாபுச்சியும் அவர் தம்பியும் இரண்டு வண்டிகளையும் கொண்டுவந்தார்கள். சிஸுரு இடது சீட்டில் உட்கார்ந்தாள். இவற்றில் உதவி பிரேக் இல்லை என்பதால் நடுவில் இருக்கும் கைபிரேக்கைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் சிவப்பு. கிளட்சை எங்கே விட வேண்டுமென்று தெரியாமல் விட்டேன். வண்டி லேசாகக் குலுங்கிவிட்டுப் போனது. தவறிப்போய் இரண்டாவது கியரில் கிளப்பினேன். முனகியபடி அதுவும் போனது. குறுகல் திருப்பத்தில்கூட என்னை மானத்தோடு வெளியே அனுப்பியது. இது எனக்குப் பிடித்துப்போனது. ஓட்டத் தெரிந்தவன் போல உணர்ந்தேன். கால் வலிக்காது, யாரையும் கைவிடாது, இதுவே போதுமே என்று அவளிடம் சொன்னேன்.

"நல்ல குணம்" என்றாள் அவள், மதிப்பெண் போடுகிற குரலில். "எங்க ஸ்கூல் வண்டிங்களும் இப்படித்தான். எது பண்ணாலும் பொறுத்துக்கும்."

அடுத்தது வெள்ளை. முதல் முயற்சியில் அணைந்தது. இரண்டாவதிலும். காரணம் எனக்குத் தெரியும்: சின்ன எஞ்சின், குறைந்த சுற்றில் இழுவை போதாது, கொஞ்சம் சுற்று கூட்டித்தான் கிளட்சை விட வேண்டும். தெரிந்து என்ன பயன்? மூன்றாவது முறை பயத்தில் அதிகமாக மிதித்துவிட்டேன். வண்டி பாய்ந்தது. எதிரே தடத்தின் நீண்ட நேர்ப்பாதை. மாணவர்கள் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட வேண்டிய இடம். நான் தொடப் போனேன், முதல் கியரிலேயே. கியர் மாற்ற வேண்டும் என்பது எனக்கு நினைவே இல்லை. வாழ்நாளில் மாற்றியதில்லையே.

எஞ்சின் ஊளையிட்டது. முள் ஏறிக்கொண்டே போனது. வழக்கமாக "கியர்" என்று ஒரு சொல் வர வேண்டிய நேரம். சிஸுருவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஐயாயிரத்து ஐந்நூற்றில் அந்தச் சத்தம் சட்டென்று வேறு ஆளின் குரலாக மாறியது, கனத்து, தொண்டை திறந்து. முதுகைச் சீட் தள்ளியது. எதையோ உடைத்துவிட்டேன் என்று நினைத்து இரண்டு காலையும் எடுத்தேன். வண்டி மூக்கைக் கீழே இறக்கித் திணறி, கொஞ்ச தூரம் குதித்துப்போய் நின்றது.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் கைபிரேக்கின் மேல் இருந்தது.

"நான் இழுக்கல" என்றாள்.

"ஆமா, ஏன் இழுக்கல? நான் பயந்தே போயிட்டேன்."

"அதுக்கப்புறம் என்ன ஆகும்னு பாக்கணும்போல இருந்தது." சொல்லிவிட்டு அவளே அதை வியப்பாக யோசித்தாள். "ஒருத்தர் தப்பு பண்றப்ப இதுவரைக்கும் ஒருநாளும் எனக்கு அப்படித் தோணினதில்ல. எறங்குங்க."

இடம் மாறினோம். கண்ணாடிகளைச் சரிசெய்தாள், விரலால் சுட்டினாள், இடுப்பு வாரைப் போட்டாள். நேர்ப்பாதையின் தொடக்கத்திலிருந்து கிளம்பினாள். நாலாயிரத்தில் அவள் இடது கால் கிளட்சை நோக்கி நகர்ந்ததைப் பார்த்தேன். அங்கேயே நின்றது. ஐயாயிரம். பின்பு அந்தக் குரல். இம்முறை நான் பயப்படாமல் கேட்டேன்: ஊசி நுழைந்து, கைகள் பூட்டிக்கொண்டு, வால்வுகள் ஆழமாகத் திறக்கின்றன. தடம் முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் மென்மையாக நிறுத்தினாள். பிறகு வட்டமடித்து மறுபடி தொடக்கத்துக்கே போனாள். இவாபுச்சி ஓரத்தில் நின்று கைகளைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே வெள்ளை என்று சொல்லிவிட்டாள். கேபிள், முழங்கால், டாக்டர் எல்லாவற்றையும் நான் எடுத்துச் சொன்னேன். சிவப்பில் இன்னும் சில வருஷம் கூட ஓட்டலாமே என்றேன்.

"ஓட்டலாம். சிவப்பு நான் தப்பு பண்ணாலும் சொல்லாது, சரியா பண்ணாலும் சொல்லாது. இது ரெண்டையும் சொல்லுது. என் கால் இருக்கிற வரைக்கும் இதைத்தான் ஓட்டுவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க ஓட்டுங்க. நான் இடது பக்கம் உக்காந்துக்கறேன். அந்தச் சீட் எனக்குப் பழக்கந்தானே. அந்த 'மட்டும்'ங்கறதை லைசென்ஸ்லேர்ந்து எடுத்துடுங்க. நாலு மணி நேர வகுப்பு, ஒரு தேர்வு, அவ்வளவுதான். ஆனா எங்கிட்ட வேணாம். புருஷனுக்குச் சொல்லிக்குடுத்த டீச்சர் எத்தனை பேர் இன்னும் சேர்ந்து இருக்காங்கன்னு எனக்குத் தெரியும்."

வேறொரு ஸ்கூலில் பெயர் கொடுத்தேன். வெள்ளிக் காரை ஒரு இளம் தம்பதி வாங்கிக்கொண்டார்கள். பல்சக்கரங்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன், பொறுமையாகக் கேட்டார்கள்.

வெள்ளை வண்டி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுத் தோட்டச் சாலையில் ஏறினோம். இரண்டாவது கியரில், ஒரு நீண்ட ஏற்றத்தில், அவள் அந்தக் குரலை எழுப்பினாள். உச்சியில் நிறுத்தி இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு இடது காலை மெல்ல நீட்டி மடக்கினாள். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலிக்குது" என்றாள். கீழே ஏரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் வலது பக்கமே ஏறி உட்கார்ந்து, என் கதவை உள்ளிருந்து திறந்துவிட்டாள்.