யானைக்கு மூன்று புள்ளி

கல்முனையிலிருந்து யூடியூபில் வீடியோ கேம் விமர்சனம் சொல்லும் இஷ்பான், எந்த விளையாட்டுக்கும் பத்துக்கு ஏழைத் தாண்டிக் கொடுத்ததில்லை. புதிதாக வந்த அந்த வயல் விளையாட்டை வெளிநாட்டு விமர்சகர்கள் ஏற்கெனவே கிழிகிழியென்று கிழித்திருந்தார்கள். யானை காரணமே இல்லாமல் வீட்டை உடைக்கிறதாம். அவனுக்கும் நான்கு தடவை வீடு போயிற்று.

"மூணுக்கு மேல குடுக்கேலா" என்று எரிச்சலோடு மைக்கைத் திறந்தான்.

தேநீர் கொண்டுவந்த மனைவி சஹ்லா, காட்டு யானைகள் ஊருக்குள் வந்துபோகும் இறக்காமத்துக்காரி. கேம் பக்கமே திரும்பாதவள், திரையைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.

"நெல்லு மூட்டைய வீட்டுக்குள்ள வெச்சிரிக்கீங்க. பின்ன உடைக்காம என்ன செய்யும்?"

இஷ்பான் மூட்டைகளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். யானை வந்தது. தும்பிக்கையை ஜன்னலுக்குள் விட்டு மோந்து பார்த்தது. உள்ளே நெல் இல்லையென்று தெரிந்ததும், சுவரில் உடம்பு படாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு மூட்டைகளிடம் போனது. இறக்காமத்தைக் கனவிலும் கண்டிராத யாரோ இதைச் செய்திருக்கிறார்கள். அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"சுப்ஹானல்லாஹ்! பத்துக்குப் பத்து!" என்று கத்தியவனின் வாயைச் சஹ்லா, திரையிலிருந்து கண்ணெடுக்காமலே பொத்தினாள்.

"மெல்லக் கதைங்க. அது இன்னும் போகல்ல."